எட்டாவது சிலிண்டர்

படத்தின் பின்புறம் பென்சிலில் மூன்றே சொல்:
மார்ச். குளிர். ஓடவில்லை.

முன்புறம் உறைந்த ஏரி.
சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டைகளில் நிற்கும்
இரட்டை இறக்கை விமானம்.
எண் இருக்க வேண்டிய வாலில்
யாரோ காப்பிக் கோப்பை வைத்து எடுத்த
வட்டக் கறை.

தாம்பெரே சந்தையில்
பொத்தான் டப்பா ஒன்றோடு சேர்த்து
நான்கு யூரோவுக்கு தௌனோ வாங்கியது.
பொத்தான்கள் அவன் மனைவிக்குப் போயின.
படம் பதினோரு வருடமாக எங்கள் நால்வருக்கு.

வியாழன் மாலைகளில் கூடுவோம்.
காகித ஆலையில் கணக்கெழுதிய ஐலா
இறக்கைகளுக்கு நடுவே கம்பிகளை எண்ணுவாள்,
எத்தனை, எந்தப் பக்கம் சாய்வு.
லீவோ நிழலை அளப்பான்.
மதியம் தாண்டி ஒரு மணி நேரம் என்பான்,
விமானம் தெற்கே பார்க்கிறது என்பான்.
எந்த ஏரி என்றால் மட்டும்
எழுந்துபோய்க் காப்பி போடுவான்.

நான் பல் மருத்துவராக இருந்தவள்.
எனக்கு ஒதுக்கியது மூக்கு.

மூடி கழற்றிய மூக்கு.
நட்சத்திரமாய் விரிந்த சிலிண்டர்கள்.
எண்ணினால் எட்டு.

எட்டு இருக்கக் கூடாது.
ஒற்றை வரிசை என்றால் ஒற்றைப்படைதான் வைப்பார்கள்,
ஐந்து, ஏழு, ஒன்பது.
ஒன்று விட்டு ஒன்று வெடித்துக்கொண்டு போய்
அடுத்த சுற்றில் விட்டதைப் பிடிக்க வேண்டும்.
எட்டு வைத்தால் நாலு பேர் உழைப்பார்கள்,
நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

தௌனோவுக்கு அதனாலேயே அது பொக்கிஷம்.
இரண்டு வீச்சு எஞ்சின், சத்தியம் என்றான்.
எவனோ ஒருவன் படகுக் கொட்டகையில் ராத்திரி ராத்திரியாகக் கடைந்து
உலகத்திலேயே ஒன்று மட்டும் செய்தது.
வரைபடம் போட்டான்.
எண்ணெய்க் குழாய்க்கு நீல மை,
தீப்பொறிக்குச் சிவப்பு.
மூன்று அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதினான்.
ஒன்றிலிருந்து பதில் வந்தது.
தபால்தலை அழகாக இருந்தது.

போன பிப்ரவரியில்
மூக்கை மட்டும் மேசையளவு பெரிதாக்கி வாங்கினோம்.
வாய்க்குள் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்,
பல்லை விட்டுவிட்டு, இடைவெளியை.
ஆறு இடைவெளிகள் ஒரே அளவு.
ஏழாவதை இரண்டாகப் பிளந்துகொண்டு
ஒரு தெத்துப்பல்.

மற்றவற்றில் குளிர்விக்கும் வரிகள் குறுக்கே ஓடின.
இதில் நெடுக்கே.
வரிகள் முடிகிற இடத்தில் ஒரு வளைவு,
உலோகத்தை யாரும் அப்படி வளைக்க மாட்டார்கள்.

காது.

கம்பளித் தொப்பி, பட்டைப் பின்னல்.
சறுக்குக் கட்டைமேல் ஏறி நின்று
எஞ்சினுக்குப் பின்னாலிருந்து எதையோ முடுக்குகிறான்,
அல்லது அதனிடம் கெஞ்சுகிறான்.

தௌனோ பூதக்கண்ணாடியை வாங்கினான்.
பார்த்தான்.
சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

ஏழு என்றதும் பெயர் பத்து நிமிடத்தில் கிடைத்தது.
நூற்றுக்கணக்கில் செய்து விற்ற எஞ்சின்.
தபால் விமானங்களில் இருந்தது,
ஒரு பனிப் படகில்கூட இருந்ததாம்.
ஐலா கோப்பில் ஏற்றினாள்,
பேனாவை மூடினாள்.

கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி
தௌனோ கேட்டான்,
"சரி, இவன் யாரென்று
எதை எண்ணிக் கண்டுபிடிப்பது?"

லீவோ காப்பி போட எழுந்தான்.

அந்தக் காதுக்குப் பக்கத்தில்
ஒரு வெண்புகை இருக்கிறது, விரல் நுனியளவு.
அவன் விட்ட மூச்சு.
எங்கள் பட்டியலில் அது ஆறாவது வரி:
"ஆவிக் கசிவு. காரணம் தெரியவில்லை."
இன்னும் அடிக்கவில்லை.