ஒத்து

வேப்பனப்பள்ளி தாண்டினதும்
கைப்பேசிக்கு மாநிலம் மாறிவிடும்.
ஆந்திரம் அன்புடன் வரவேற்கிறது என்று செய்தி வரும்.
என் செருப்பு இன்னும்
தமிழ்நாட்டுச் சாணியில்தான் இருக்கும்.

ஜீப்புக்கான டீசல் பதினேழாம் தேதியோடு தீர்ந்தது.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் டெம்போவில்
வழக்குக் கட்டு மடியில்.
பக்கமெல்லாம் தோத்தாபுரி வாசம்.
நீதிபதி ஒருமுறை முகர்ந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பெயரை எழுதக் கூடாது, சட்டம் அப்படி.
வயதை எழுதலாம்: பதினாலு.
ஆட்டின் பெயருக்குத் தடையில்லை:
புஜ்ஜி. இடது காது கிழிந்தது.

கொல்லதொட்டி கங்கம்மா கோயில்
புளியமரத்தடியில் தாலி.
மரம் உங்களுது என்றது குப்பம் ஸ்டேஷன்.
பந்தி போட்டது உங்க பக்கம் என்றது எங்கள் ஸ்டேஷன்.
சர்வேயர் சங்கிலியோடு வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

இதை மனுவில் நான்காம் பத்தியாக எழுதியிருக்கிறேன்.
இங்கே அதற்குமேல் வரவில்லை.

வாக்குமூலம் வாங்கியவர் ஏட்டு முனிரத்தினம்.
நல்ல மனிதர். கைக்காசில் பன் வாங்கித் தந்தார்.
அரூர்க்காரர், தெலுங்கு தெரியாது,
காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதத் தெரியும்.
கட்டிக்கறியான்னு மாமன் கேட்டப்ப
நீ என்னம்மா சொன்னே?
அவள் சொன்னாள்.
அவர் எழுதினார்: 'ஒத்து' என்றேன்.

அவள் வாயில் அது வேண்டாம்.
நம் எழுத்தில் ஏறியதும் சம்மதம்.
அந்தக் கனத்த ஒலிக்கும் நமக்கு இந்த ஒரே 'த'தான்,
மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ள வேண்டும்.
வாய் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து
பன் தின்றுகொண்டிருந்தது.

தட்டச்சு செய்த பெண்
சொல் பாதியில் நிற்கிறதே என்று
'ஒத்துக்கொண்டேன்' என முடித்து வைத்தாள்.
எல்லாரும் உதவிதான் செய்தார்கள்.

எதிர்த்தரப்பில் தீர்த்தகிரி நாயுடு.
எழுந்தார், கண்ணாடி மாட்டினார்.
கனம் கோர்ட்டார் அவர்களே,
சிறுமியே ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

மதியம் கேன்டீனில்
இன்னொரு கரண்டி சாம்பாரோடு பையன் வந்தபோது
இலைமேல் கையை மறித்து
ஒத்து ஒத்து என்றார் அவர்.
பையன் நிறுத்திக்கொண்டான்.
அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சட்டப்படி இதில் ஒன்றும் இல்லை.
பதினாலு வயதின் சம்மதம் சம்மதமே அல்ல,
எந்தச் சொல் இருந்தாலும் வழக்கு நிற்கும்.
விடும்மா, ஒரு வாய்தா எதுக்கு வீண்
என்றார் மேலதிகாரி. சரிதான்.
ஆனாலும் போட்டேன்.
ஒரு சொல்லைத் திருத்த மூன்று வாய்தா.
ஓசூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்,
அவருக்குப் பேட்டா நூற்றைம்பது,
அதற்கு ரசீது, ரசீதுக்கு ஒரு கடிதம்.

திருத்திய நகலை இல்லத்துக்கு எடுத்துப் போனேன்.
இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டுகிறாள்.
விரல் வைத்துப் படித்தாள்:
வே. ண். டா. ம்.

யார் சொன்னது இது?
நீதான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் சொல்லலையே அக்கா.
கத்தினேன்.

காகிதத்தில் அதற்கு இடம் இல்லை.
எந்தப் பிரிவில் மனு போடுவதென்றும் தெரியவில்லை.
புஜ்ஜியை யார் மேய்க்கிறாங்க என்றாள் அடுத்து.

நாளை ஐந்தரை மணி டெம்போ.
கொல்லதொட்டியில்
ஆடு சம்பந்தமாகவும் விசாரிக்க வேண்டும்.