நிறை சரி

என் முதுகில் பெயர் எழுதியிருக்கிற கொம்பனியை
நானும் கண்டதில்லை.
காலமை ஏழுக்குக் கிளிநொச்சிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி
முறிகண்டி தாண்டி, மாங்குளத்தில் மேற்கே திரும்பினால்
மல்லாவி வரைக்கும்
கொம்பனிக்கு இருக்கிற ஒரே முகம்
வெயிலில் கறுத்த இந்த முகம்தான்.

தவநிதியின் விலாசத்தில் வீட்டிலக்கம் இல்லை.
இலக்கம் கேட்ட கட்டத்துக்குள்
'ரான்ஸ்போமருக்கு அங்கால, ரண்டாம் மதகு, நாய் கடிக்காது'
எண்டு எழுதியிருந்தா.
வரைபடத்தின் சிவப்பு ஊசி
வவுனிக்குளத்து நடுத்தண்ணியில் குத்தி நின்றது.
நீந்தாமல் கண்டுபிடித்தேன்.

கச்சான் காணிக்குத் தண்ணி இறைக்க ஒரு பம்ப்.
பதினெட்டாயிரத்துத் தொளாயிரம்.
காசு தந்த பிறகுதான் பெட்டி திறக்கலாம்.
விதி. ஆர் எழுதினதெண்டு தெரியாது.
நெல் வித்த தாள்களை எச்சில் தொட்டு எண்ணித் தந்தா.
விரலால் கண்ணாடியில் கையெழுத்து வைக்கச் சொன்னேன்.
மண் காய்ந்த விரலைப் போன் மதிக்கவில்லை.
மூன்றாந்தரம் ஒரு கோடு விழுந்தது,
மண்புழு ஊர்ந்த மாதிரி.
ஒப்பந்தம் முடிந்தது.

மதகு தாண்டமுதல் கூப்பிட்ட சத்தம்.

பெட்டிக்கு வெளியே பம்பின் படம்.
உள்ளே பழைய பேப்பர் சுற்றின கருங்கல்.
ஒட்டியிருந்த துண்டில்: ஆறு கிலோ நானூறு.
தராசில் வைத்தா.
ஆறு கிலோ நானூறு.
கள்ளன் நிறையில் கை வைக்கவில்லை.

"காசைத் தாரும்" எண்டா.
காசு என் பையில்தான் கிடந்தது,
என் கையெட்டாத தூரத்தில்.

சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தவும், தமிழுக்கு இரண்டு.
இரண்டை அழுத்தினோம்.
பதினொரு நிமிசம் ஆரோ வீணை வாசித்தார்கள்.
போனில் காசு முடிந்தது.

பொலிசில் கேட்டார்கள்:
களவு நடந்தது எந்தப் பிரிவில்?
படம் போட்ட பக்கம் ஒரு ஊர்,
காசு போய் விழுகிற கணக்கு வேறொரு ஊர்,
கல் பொறுக்கின தெரு அந்தக் கல்லுக்குத்தான் தெரியும்.
"எழுதுறதெண்டால் இவற்ற பேரைத்தான் எழுதலாம்,
இவர்தானே கையில இருக்கிறார்" எண்டார் சார்ஜன்.
தவநிதி என்னைப் பார்த்தா.
நெடுநேரம்.
"இவர் சுமந்தவர், சேர். வித்தவர் இல்லை."
அந்த ஒரு வாக்கில் அன்றிரவு நான் வீட்டை போனேன்.

பக்கம் விடியமுதல் காணாமற் போனது.
அடுத்த கிழமை அதே பம்ப், அதே படம், வேறு பெயர்.
கீழே அறுபது பேர் நட்சத்திரம் வைத்திருந்தார்கள்.
தண்ணி வந்ததெண்டு ஒருவரும் எழுதவில்லை.

பிறகு அவவே விற்கத் தொடங்கினா,
வறுத்த கச்சான், ஒரு கிலோப் பொதி.
முதல் பொதி வெள்ளவத்தை போய்த் திரும்பி வந்தது,
நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்.
'வாங்குபவர் மறுத்தார். காரணம்: நம்பிக்கை இல்லை.'
வாசித்துவிட்டுச் சிரித்தா.
"பிழையில்லை. நானெண்டாலும் வாங்கமாட்டன்."

அன்று பின்னேரம் வீடியோ போட்டா.
தராசின் ஒரு தட்டில் அந்தக் கருங்கல்,
மற்றதில் ஆறு பொதியும் ஒரு பேணிக் கச்சானும்.
முள் நடுவில் நின்றது.
"இந்தக் கல்லுக்கு நான்
பதினெட்டாயிரத்துத் தொளாயிரம் குடுத்தனான்.
வன்னியில இதைவிட விலைகூடின படிக்கல் இல்லை.
வேணுமெண்டால் ஓடர் போடுங்கோ."
போடுகிறார்கள். எல்லாரும் இல்லை.

நேற்று அவவின் பெயருக்கு ஒரு பெட்டி.
திரும்பவும் பம்ப். வேறு கடை.
காசு அவவின் கைக்குள் மடிந்திருந்தது.
போன் என் கைக்குள்.
படலைக்கு நடுவில் பெட்டி.
காசுதான் முதல்.
மீறினால் வேலை போகும், அதுவும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

நான் குளக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.
எருமைகள் தண்ணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன.
எண்ணத் தொடங்கினேன்.
பதின்மூன்றாவது எருமையில்
முதுகுக்குப் பின்னால் கத்தி ரேப்பைக் கிழிக்கிற சத்தம்.

பதினாலு.
பதினைஞ்சு.