எழுபத்தெட்டாம் நிமிடம்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் எங்கள் லாட்ஜ்.
ராத்திரி இரண்டு மணிக்கும் டி.வி. ஓடும்,
சத்தம் மட்டும் கிடையாது.
மாடியில் தையல் பிரிக்காதவர்கள் தூங்குகிறார்கள்.

கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில்
மால்டாவிலிருந்து வந்த தபன் மண்டல்,
ஐஸ்வாலிலிருந்து வந்த ரின்மாவியா,
சாவிக்கொத்தும் பதிவேடுமாக நான்.
வேலூர் வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.

பச்சை ஜெர்சிக்கும் வெள்ளை ஜெர்சிக்கும் ஆட்டம்.
எந்த நாடுகள் என்று இப்போது ஞாபகமில்லை.
பச்சை கோல்கீப்பருக்கு அதுவரை வேலையே இல்லை.
கையுறைப் பட்டையைப் பிரிப்பான், ஒட்டுவான்,
கம்பத்தைப் போய் ஒரு தட்டு தட்டுவான்.
மற்ற இருவரும் பந்தைப் பார்த்தார்கள்.
நான் அவனை.

எழுபத்தெட்டாம் நிமிடம்
பதினெட்டு கஜத்திலிருந்து ஓர் உதை, தரையோடு, வலது மூலைக்கு.
அவன் கிளம்பிவிட்டான்.
அவன் ஆளின் குதிகாலிலேயே பட்டு
பந்து இடப்பக்கம் திரும்பியது.
உடம்பு போய்விட்டது.
இடது கை மட்டும் போகவில்லை.

தபன் எழுந்து கைதட்டினார்,
மாடி ஞாபகம் வர
இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டாமல் பாதியில் நின்றன.

மூன்று தரம் மெதுவாகக் காட்டினார்கள்.
"பாய்ச்சலைப் பாருங்க" என்றான் ரின்மாவியா இந்தியில்.
பாய்ச்சல் எல்லாருக்கும் தெரியும், தம்பி.
அதற்கு முன்னே பார்.
உதைப்பவன் காலை ஓங்கும்போது
இவன் நின்றுவிட்டான், ரெண்டு பாதமும் மண்ணில்.
இன்னும் ஓர் அடி நகர்ந்திருந்தால்
கை மிஞ்சியிருக்காது.
அப்புறம் மணிக்கட்டைப் பார்:
பட்ட பந்து வெள்ளை ஒன்பதாம் நம்பர் காலடிக்குத் திரும்பாமல்
கொடிக்கம்பத்துப் பக்கம் போகிற மாதிரி
அதை இறுக்கி வைத்திருக்கிறான்.
தடுத்தது பாதிதான்.
எங்கே அனுப்பினான் என்பது மீதி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.
சுண்டுவிரலைக் காட்டினேன். வெளிப்பக்கம் வளைந்தது.

வாணியம்பாடியில் பாலாற்று மணல்தான் எங்கள் மைதானம்.
தோல் ஷாப் டீமுக்கு ஆறு வருஷம் கோல்கீப்பர்.
ஆம்பூர்க்காரர்களோடு ஆடிய ஆட்டத்தில்
நான் அந்தரத்தில் பறக்கிற போட்டோ ஒன்று
இம்தியாஸ் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கிறது.
அதில் பறப்பது என் தப்பு.
நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கவில்லை.
சரியாக நின்ற அன்று பந்து நெஞ்சில் வந்து விழுந்தது.
"இன்னாபா, அவன் மேலயே அடிச்சிட்டான்" என்று
கரை முழுக்கச் சிரித்தார்கள்.
நான் பிடித்ததிலேயே நல்லது அதுதான்.
போட்டோ இல்லை.

டி.வி.யில் பச்சை கோல்கீப்பர் சந்தோஷப்படவில்லை.
எழுந்ததும் தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.
கார்னர் இருக்கிறதே.

அந்தக் கார்னரிலேயே கோல் விழுந்தது.

தபன் என்னைப் பார்த்தார்.
"அப்போ அது வீணா?"
நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது
மேஜை போன் அடித்தது. வார்டிலிருந்து.
மண்டல் யாரு, உடனே வரச் சொல்லு.

செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.
ரத்தம் தேவைப்பட்டாலும் படும் என்று
ரின்மாவியாவும் பின்னால் போனான்.
பதிவேட்டில் எழுதினேன்: இரண்டு பதினைந்து, வெளியே.
ஆட்டம் தானாக முடிந்து
சோப்பு விளம்பரம் ஓடியது.
அவர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தேன்.
ஒன்றும் நடக்கக் கூடாது, ஒன்றும் நடக்கக் கூடாது.
கம்பங்களுக்கு நடுவே நிற்கும்போதும்
இதையேதான் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தரைக்கு வந்தார்கள்.
வெறுங்காலில் தார்ரோட்டுக் கறுப்பு.
"தண்ணி கேட்டா" என்றார் தபன்,
அந்த இரண்டு சொல் மட்டும் தமிழில்.
டீ வாங்கிக் கொடுத்தேன்.
பாதி டம்ளரில் நிமிர்ந்து,
ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.

பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார்.
டீயை வலது கைக்கு மாற்றிக்கொண்டு
உடம்பை ஒரு பக்கம் சாய்த்து
இடது கையை மட்டும் பின்னால் விட்டார்,
மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி.

சரியாக இருந்தது.