நமது நிருபர்

மாசி பாதி தாண்டியும்
கேத்திப் பள்ளத்தாக்கில் உறைபனி.
தாகைச் செடி வெட்டிப் போர்த்தியும் கருகிப்போனது
லிங்கியின் அரை ஏக்கர் தேயிலை.
தீயில்லாமல் எரிந்த இலையைப் படமெடுத்தேன்.

எனக்குக் கூலி சென்டிமீட்டர் கணக்கு.
நாற்பது வரி அனுப்பினேன்;
மாசி, போன வருஷத்து மாசி, அதற்கும் முந்தியது
எல்லாம் இருந்தது அதில்.
கோவையில் பதினொரு வரியாக்கினார்கள்.
தலைப்பு அவர்களுடையது:
'வெண்கம்பளம் விரித்தது உறைபனி
சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்'.
படமும் வேறு. தலைகுந்தா புல்வெளியில்
பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்து
ஒரு பெண்ணின் செல்ஃபி.

மறுவாரம் பேரூராட்சிக் கூட்டம்.
பொருள் எண் பதினாலு:
காலநிலை மாற்றத் தகவமைப்புப் பணி.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
போன வருஷம் தடுப்புச்சுவர் என்றிருந்ததே
அதே சுவர், அதே முப்பது மீட்டர்.
பேர் நீண்டிருந்தது, தொகையும்.

"ஓடைய மூடிக் கட்டுன ரிசார்ட்டு?"
கவுன்சிலர் எலிசா கேட்டார்.
"அது வேற துறைங்க மேடம்."
டீ வந்தது.
ஒருமனதாக நிறைவேறியது.

அதையும் எழுதினேன்.
'பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள
கேத்தி தயார்' என்று வந்தது.

இரண்டு செய்தியையும் கத்தரித்து வைத்திருந்தாள் லிங்கி.
"இது நீங்க எழுதினதா?"
'நமது நிருபர்' என்ற எழுத்தின் மேல்
பிசின் படிந்த அவள் விரல்.

"பேரு இல்லையே, அப்ப வேற யாரோ,"
அவளே சொல்லிக்கொண்டு
கவாத்துக் கத்தியைக் கையிலெடுத்தாள்.

நான் மறுக்கவில்லை.