பதினேழாவது ஆள்

உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டரங்கம்.
கூடைப்பந்து வளையங்களை மேலே மடக்கிக் கட்டியிருந்தார்கள்.
பனி மிதித்து வந்த காலணிகளிலிருந்து
வாசலில் ஒரு சின்னக் குளம் தேங்கியது.

வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் பதினைந்து விழுக்காடு
பதினாறு புள்ளி எட்டு.
புள்ளி எட்டு மனிதர் அயோவாவில் யாரும் இல்லை,
ஆகவே பதினேழு.
அதற்குக் கீழே நிற்கிறவர்கள் கலைந்து
வேறு மூலைக்குப் போகலாம்,
வீட்டுக்கும் போகலாம்.

எண்ணுவது என் வேலை.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
முன்கண்ணாடியில் தலை எண்ணாமல்
பிரேக்கை எடுத்ததில்லை.
ஒரு பிள்ளையையும் வழியில் விட்டதில்லை.

ஸ்கோர் பலகையின் கீழ் ஹால்வர்சனின் ஆட்கள்,
அறுபத்தொரு பேர்.
நவம்பரில் ஜெயிக்க அவரால்தான் முடியும் என்றார்கள்.
அவரைப் பிடிக்கும் என்று
ஒருவர் சொல்லியும் நான் கேட்கவில்லை.
காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முகம்
எல்லோருக்கும்.
அந்த அறுபத்தொன்றில் நானும் ஒருத்தி.
மேசையை விட்டு எழாமலே
என்னை அங்கே எழுதிக்கொண்டிருந்தேன்.

மேடை ஓரம் இன்னொருவருக்கு முப்பத்தைந்து.

குடிநீர்க் குழாயருகே ரொவீனா ஆஸ்பின் ஆட்கள்.
பன்றிப் பண்ணைக்காரர்கள் முன்வரிசையில் இருக்கும்போதே
உங்கள் கிணறுகளில் நைட்ரேட் இருக்கிறது என்று
சொல்லிவிட்டுப் போனவள்.
கைதட்டலே இல்லை அன்றைக்கு.
நான் வீட்டுக்குப் போய்த் தண்ணீரைக் காய்ச்சினேன்.
காய்ச்சினால் அது போகாதாம்.
சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகுமாம்.

பதினாறு, என்று ஒலிபெருக்கியில் சொன்னேன்.

அரை மணி நேரம் பேச அனுமதி.
ஓட்மீல் பிஸ்கட் தட்டோடு வந்தாள் ஆர்லிஸ் பெக்மன்:
"விளையும் நிலத்தில் விதையுங்கள்.
பாறையில் தூவிவிட்டு
நல்ல விதைதானே என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்."
சொன்னதில் பிழையில்லை. பிஸ்கட்டும் நன்றாக இருந்தது.
பதினாறு பேரும் எடுத்துக்கொண்டார்கள்,
ஒருவரும் நகரவில்லை.

இனெகா என்றொரு பெண்; ஓட்டுரிமை வந்து மூன்று வாரம்.
சிறுமியாய் என் பேருந்தில் வாந்தி எடுத்தவள்.
நேரே என் மேசைக்கு வந்து கேட்டாள்:
"எண்ணுகிறவர் எந்த மூலையில் நிற்கிறார்?"

பேனாவை மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
அடுத்தவர் யாரை ஏற்பார் என்று நான் கணக்குப் போட,
நான் யாரை ஏற்பேன் என்று அடுத்தவர் கணக்குப் போட,
கடைசியில் யாருடைய ஆசைக்குத்தான்
ஓட்டுப் போடுகிறோம் நாங்கள்?
யோசித்து எழுந்தேன் என்று சொல்லமாட்டேன்.
முழங்கால் எழுந்தது, நான் பின்னால் போனேன்.

ஆடுகளத்தின் நடுவட்டத்தில்
வளைக்கரடி ஒன்று வரைந்திருக்கிறார்கள்,
மூக்கு தேய்ந்த கரடி.
அதன்மேல் கால் வைத்தபோது
எதிரே வந்தான் லோவெல் டைக்,
மாட்டு வைத்தியன்.
ஜனவரி முழுக்க ரொவீனாவுக்காகக் கதவு தட்டியவன்.
குழாயருகே தொங்கும் அந்த அட்டையே
அவன் கையெழுத்துத்தான்.
கோட்டில் அயோடின் வாசனை.

"இன்னொரு நவம்பரைத் தோற்க
எனக்குத் தெம்பில்லை, வெல்டா," என்றான்.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
அவன் வலப்பக்கம் ஒதுங்க நானும் அதே பக்கம் ஒதுங்கி,
இரண்டு முறை முட்டிக்கொள்ளப் பார்த்து,
பிறகு அவரவர் வழியே போனோம்.

குழாயருகே நின்றுகொண்டு
முதலில் என்னை எண்ணினேன்.
அப்புறம் மற்றவர்களை.

பதினாறு.

படிவத்தில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.
அதே பதினாறு.
அந்தப் பதினாறு இல்லை இது
என்று எழுத அதில் இடமில்லை.

மறுபடி எண்ணுங்கள் என்றாள் இனெகா.
எண்ணினேன்.