தெரியல

முனைக்காட்டில் ஐஸ் ஃபாக்டரி மாடியில் வாடகை அறை.
கீழே அமோனியாக் குழாய் இருமினால்
மேலே என் திரை நடுங்கும்.
பகலில் கரண்டை நம்ப முடியாது.
இரவில்தான் பயிற்சி,
இன்வெர்ட்டரின் பச்சைக் கண் மூடும்வரை.

வேலை என்னவோ சின்னது.
மூங்கில் மிதவைக்கு அடியில் ஒரு எந்திரம் போகவேண்டும்,
தேங்காய் மட்டை அளவுதான்.
பெப்சிப்பாசியில் வெள்ளை விழுந்த கொப்பைப் பார்த்து
அதை மட்டும் நறுக்கிவிட்டு நகரவேண்டும்.
நாலு வாட்.
அதற்குள் கண், அதற்குள் முடிவு,
அதற்குள்தான் கத்தியும்.

நான் கொண்டுவந்த மாடலோ
உலகத்தையே தின்றுவிட்டு வந்திருந்தது.
ஒட்டகம் தெரியும் அதற்கு. பனிச்சறுக்கு தெரியும்.
பியானோவில் பதினாறு வகை தெரியும்.
பாக் நீரிணைக்கு எதற்குப் பியானோ?
வெட்டினேன்.
எடைகளில் பாதி, மீதியில் பாதி,
முப்பத்திரண்டு பிட்டை எட்டாக்கி
எட்டை நாலாக்கி
பெரியது சொல்வதைச் சின்னது ஒப்பிக்கும்வரை
பதினொரு ராத்திரி.
ஒட்டகம் போனது, பனி போனது.
தொண்ணூற்றாறு சதவீதம் என்றது திரை.
அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்.

படங்களுக்குப் பெயர் வைத்தவள் ஜெனோவா.
காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
கயிற்று முடிச்சில் பாசி செருகுவாள்.
மத்தியானம் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு
போனைத் தேய்ப்பாள்:
நல்லது. நல்லது. வெள்ளை. நல்லது.
படத்துக்கு ரெண்டு ரூபாய்,
பதினோராயிரம் படம்.
"இதுக்கு எவ்ளோ கரண்ட் பிடிக்கும்?"
நாலு வாட் என்றேன்.
"எங்க வீட்டு பல்பே ஒம்பது" என்று சிரித்தாள்.

வாடை எழுந்தது.
கடல் தன் சேற்றைத் தானே கலக்கிக் குடித்தது.
எந்திரத்தை இறக்கினோம்.
நாற்பது நிமிடம்.
ஒரு மிதவையின் நல்ல கொப்பெல்லாம் கரையில் ஒதுங்கியது.
வெயில் கீற்று வெள்ளை,
பால் பாக்கெட் வெள்ளை,
ஜெனோவாவின் உள்ளங்காலும் வெள்ளை.
ஒவ்வொரு தப்பையும்
தொண்ணூற்றொன்பது சதவீத நிச்சயத்தோடு செய்திருந்தது.
பதிவேட்டில் இருக்கிறது, வரி வரியாக.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"எதையெல்லாம் மறக்க வச்சீங்க?"
ஒட்டகம், பியானோ என்று ஆரம்பித்தேன்.
"அது கெடக்கட்டும். என்னோடதுல?"

இருநூற்றுப் பதினாலு.
கலங்கல், நிழல், லென்ஸில் நுரை.
நல்லதா வெள்ளையா என்று கேட்ட கட்டத்தில்
அவள் விரலால் அடித்து வைத்திருந்தாள்
'தெரியல' என்று.
என் அட்டவணையில் இரண்டு கட்டம்தான்.
முதல் நாளே குப்பையில் தள்ளியிருந்தேன்.
அவற்றுக்குக் காசும் தரவில்லை.

குப்பையைக் கிளறி எடுத்தேன்.
மூன்றாவது கட்டம் போட
மாடல் சில கிலோபைட் பருத்தது, அவ்வளவுதான்.
சதவீதம் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது.
நிதி தருகிறவர்களுக்கு
அந்த மூன்றை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது கலங்கல் வந்தால்
கத்தியை மடக்கிக்கொள்கிறது.
ஒரு முழம் பின்வாங்கி
மறுபக்கமாய் வந்து பார்க்கிறது.
பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது,
பாசி தப்பிக்கிறது.

நானூற்று இருபத்தெட்டு ரூபாய்.
"மிதவைக்குத் தனி, காலுக்குத் தனி" என்றாள்.
அனுப்பினேன்.
பெட்டிக்கடைப் பெட்டி கத்துவதுபோல
அவள் போனும் ஒருமுறை கத்தியது.

நேற்று பதினேழாம் மிதவைக்கு அடியில்
ஏழு நிமிடம் அசையாமல் நின்றது எந்திரம்.
படம் வந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன்.
ஜெனோவாவுக்கு அனுப்பினேன்.
இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.
இன்னும் பதில் வரவில்லை.