முட்டுக் கொடுத்த இடம்

எடுத்த கம்பியைத் தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டர் ஹசீனா.
ஒன்பது மாதம் என் முழங்காலுக்குக் கீழே
என்னோடு நடந்த டைட்டானியம்.
துரு இல்லை, கீறல் இல்லை.
கையுறை விரலால் தடவினார்,
நூலாய் வழுக்கி வந்தது ஏதோ.

"ஒத்தைக் கிருமின்னா மருந்துக்கே சாகும்.
இது குடித்தனம் போட்டுருச்சு,
மேலே ஒரு சவ்வைப் போர்த்திக்கிட்டு."

எனக்கா தெரியாது?
மண்டபம் வடகடலில் பதினெட்டு வருஷமாய்
படகுக்கு அடிவயிறு சுரண்டுகிறவன்.
முதலில் வழுவழுப்பு.
கண்ணுக்குப் படாது, உள்ளங்கைதான் சொல்லும்.
அதன்மேல் பாசி. பாசிமேல் கொட்டலசு.
கொட்டலசு ஏறிய படகு டீசலாய்க் குடிக்கும்,
சம்மாட்டி என்னைத் திட்டுவார்.
தடைக்காலத்து அறுபத்தொரு நாளில்
செம்புப் பெயிண்டு, இரண்டு கோட்டு.

"அடுத்த கம்பி வெள்ளி பூசினது,
மதுரையிலிருந்து வரணும்" என்றார்.
செசிலி சிரித்துவிட்டாள்.
"என் கொலுசு அடகுல கிடக்கு,
உங்க எலும்புக்கு வெள்ளியா?"
பிறகு வராந்தாவுக்குப் போய்
வெகுநேரம் வரவில்லை.

நான் ஒன்று கேட்டேன்.
பெயிண்டு கரைந்து கரைந்துதான் காவல் காக்கும்,
சுரண்டிய தூள் விழுந்த தண்ணீரில்
நண்டுக்குஞ்சுகூட ஒதுங்காது.
வெள்ளி என் எலும்பை விட்டுவைக்குமா?
அவர் உடனே பதில் சொல்லவில்லை.
அது எனக்குப் பிடித்தது.
"அளவு" என்றார் கடைசியில்.
"கூடினா எலும்பு வளராது, குறைஞ்சா கிருமி ஏறும்."

புதுக் கம்பி போட்ட மூன்றாம் இரவு
கால் எஞ்சின் மூடியாய்க் கொதித்தது.
அழற்சி என்று எழுதியிருந்தது சீட்டில்.
அழல் என்றால் தீ,
எட்டாவதில் படித்த ஒரே செய்யுளில் மிஞ்சிய சொல்.
காக்க வந்த வெள்ளி எது, கெடுக்க வந்த கிருமி எது,
உடம்புக்கு அடையாளம் தெரியவில்லை.
எல்லை தாண்டாதவன் முகத்திலும்
லைட் அடித்துச் சுற்றும் ரோந்துப் படகு மாதிரி
சந்தேகம் தீரும்வரை சுற்றியது ரத்தம்.
"கொஞ்ச நாள் வீங்கட்டும்.
வீங்கிக்கிட்டே இருந்தாத்தான் பயம்."

சி.ஆர்.பி. நூற்றுப் பதினெட்டு.
அறுபத்து நாலு.
முப்பத்தொன்று.
அதற்கப்புறம் ஒரு வாரமாய் முப்பத்தொன்றிலேயே
தரைதட்டி நிற்கிறது.

கச்சான் வீசுகிறது. புண்ணுக்குள் மணல் நெறிக்கிறாற்போல்.
கரையேற்றிய விசைப்படகின் நிழலில்
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
என் வேலையைச் செசிலி செய்கிறாள்,
முழங்கை வரை சிவப்பு.
"முடிஞ்சிருச்சு" என்கிறாள், பிரஷ்ஷை உதறி.

முடியவில்லை.
கட்டை முட்டுக் கொடுத்த இடத்தில் பெயிண்டு ஏறாது.
உள்ளங்கை அகலம், நாலு இடம்.
கொட்டலசு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

பனிக்கட்டி மூட்டையைக் காலில் வைத்தபடி
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டது:
வெள்ளி பூசும்போது
அந்தக் கம்பியை
எந்த இடத்தில் பிடித்திருந்தார்கள்?